தைமஸில் கல் பொறுக்கும் வாயு

இதயத்தில் ஓட்டையோடு பிறந்த கைக்குழந்தைக்கு அறுவை சிகிச்சை. மார்பெலும்பை நடுவில் பிளந்து விரித்ததும் மருத்துவரின் கண்ணில் முதலில் படுவது இதயமல்ல. வெளிறிய இளஞ்சிவப்பில், இரண்டு மடலாக, மெத்தென்ற ஒரு திசு இதயத்தின் மேற்பாதியைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். அதுதான் தைமஸ். அதை ஒதுக்காமல் இதயத்துக்குப் போக வழி கிடையாது. ஆகவே அதில் ஒரு பகுதியையோ, பல சமயம் பெரும்பகுதியையோ வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டிய துண்டு வழக்கமாக மருத்துவமனைக் கழிவோடு போகும். பக்கத்தில் ஆய்வகம் இருந்து, பெற்றோரும் சம்மதித்தால் ஐஸ் பெட்டியில் ஏறி ஆராய்ச்சிக்குப் போகும். நலமான மனிதத் தைமஸைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இப்படி வழியில் நின்ற குற்றத்துக்காக வெட்டப்பட்ட துண்டுகள் சொன்னதுதான்.

அந்தத் துண்டுகளில் ஒரு வாயுவின் தடமும் இருந்தது. வண்டிகளின் புகைக்குழாயிலிருந்து வருகிற, மின்னல் வெட்டும்போது வானத்தில் உண்டாகிற அதே நைட்ரிக் ஆக்ஸைடு. பல் மருத்துவர்கள் கொடுக்கும் சிரிப்பூட்டும் வாயுவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நைட்ரஸ் ஆக்ஸைடு, வேறு ஆள். நைட்ரிக் ஆக்ஸைடு என்பது ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். இந்தச் சின்ன வாயுவுக்குத் தைமஸில் என்ன வேலை?

முதலில் தைமஸின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அதுவே நமக்குத் தெரியவந்தது மிகவும் பிந்தித்தான்.

தைமஸ்மீது மருத்துவத்துக்கு நெடுநாள் மரியாதை இருந்ததில்லை, பயம் இருந்தது. பிணக்கூறாய்வு மேசைக்கு வந்த உடல்களில் பெரும்பாலானவை ஏழைகளுடையவை. பட்டினியிலும் நீண்ட நோயிலும் இறந்தவர்கள். நெடுநாள் நோய் உடலில் ஸ்டீராய்டு ஹார்மோன்களை ஏற்றும். அந்த ஹார்மோன் ஏறினால் தைமஸின் செல்கள் கொத்துக்கொத்தாக மடியும். ஆகவே மருத்துவர்கள் பார்த்துப் பழகிய தைமஸ் சுருங்கிப்போன தைமஸ். நேற்றுவரை நன்றாக இருந்து தூக்கத்திலேயே இறந்துபோன குழந்தைகளின் உடலைத் திறந்தபோது அங்கே பெரிய தைமஸ் இருந்தது. அதுதான் ஆரோக்கியமான அளவு என்று யாருக்கும் தோன்றவில்லை. வீங்கிய தைமஸ் மூச்சுக்குழாயை நெரித்துக் குழந்தையைக் கொன்றுவிட்டது என்று முடிவுகட்டினார்கள். நோய்க்கு வாய் நிறைய ஒரு லத்தீன் பெயரும் வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவிலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கான நலமான குழந்தைகளின் கழுத்திலும் மார்பிலும் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார்கள், தைமஸைச் சுருக்க. 1950இல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற இருவர் தைராய்டு புற்றுநோய் வந்த குழந்தைகளின் பழைய விவரங்களைப் புரட்டியபோது அவர்களில் பலர் அப்படிக் கதிர் வாங்கியவர்கள் என்று தெரிந்தது. இல்லாத நோய்க்குக் கொடுத்த வைத்தியம் இருக்கிற நோயாக முளைத்தது.

தைமஸ் எதற்காக என்பதை 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் காட்டினார். அவர் தேடிப் போனது அதை அல்ல. சுண்டெலிகளுக்கு வைரஸால் வரும் ரத்தப் புற்றுநோயைப் பற்றித்தான் ஆய்ந்துகொண்டிருந்தார். அதற்காகப் பிறந்த உடனே சில குஞ்சுகளின் தைமஸை எடுத்தார். குஞ்சுகள் சில வாரம் நன்றாக வளர்ந்தன. பிறகு மெலிந்தன, தொற்று வந்து செத்தன. அவற்றின் உடலில் நிணநீர்ச் செல்கள் மிகக் குறைவாக இருந்தன. வேற்று எலியின் தோலை ஒட்டினால் மறுக்காமல் ஏற்றுக்கொண்டன. நோய் எதிர்ப்பின் பெரும்படையான டி செல்கள் தைமஸிலிருந்து வருகின்றன என்பது இப்படித்தான் தெரிந்தது. டி செல்லின் 'டி'யே தைமஸின் முதல் எழுத்துத்தான். அதன் பின்னும் இரண்டு ஆண்டுவரை பீட்டர் மெடவார் போன்ற நோபல் பரிசாளரே, தைமஸில் நிணநீர்ச் செல்கள் இருப்பது பரிணாமத்தின் தற்செயல், பெரிதாக ஒன்றுமில்லை என்ற பொருளில் பேசினார். பெரியவர்களுக்கும் சறுக்கும்.

வளர்ந்தவர்களுக்கு அது கொழுப்பாக மாறிவிட்ட எச்சம், எடுத்தால் நஷ்டமில்லை என்ற எண்ணம் இன்னும் நீடித்தது. 2023இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு அதையும் அசைத்தது. தைமஸ் அகற்றப்பட்ட வயதுவந்தவர்களில் ஐந்து ஆண்டுக்குள் இறந்தவர்கள் 8.1 சதவீதம், வேறு மார்பு அறுவை செய்துகொண்ட ஒத்த ஆட்களில் 2.8 சதவீதம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

தைமஸைப் பள்ளிக்கூடம் என்று எழுதுவது வழக்கம். டி செல்கள் மாணவர்கள், தேர்வு, தேர்ச்சி என்று போகும் அந்த உவமை. எனக்கு அது ஒட்டுவதில்லை. எந்தப் பள்ளியும் தோற்ற பிள்ளையைக் கொல்வதில்லை. இங்கே நடப்பது அரிசி புடைப்பது. முறத்தில் நெல்லோ அரிசியோ எடுத்துப் புடைத்தால் வெளியே தள்ள வேண்டியது இரண்டு வகை. ஒன்று பதர். உள்ளே சத்தில்லாத வெற்று உமி. காற்றில் தானே பறந்துவிடும். இன்னொன்று கல். அது பறக்காது. பார்க்க அரிசிபோலவே இருக்கும், அரிசியோடு அரிசியாகத் தங்கிவிடும், பல்லில் பட்டால்தான் தெரியும். கல்லை விரலால்தான் பொறுக்க வேண்டும்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த இளம் செல் ஒவ்வொன்றும் தைமஸில் தன் மரபணுத் துண்டுகளைச் சீட்டுக் குலுக்குவதுபோலக் குலுக்கி, தனக்கென ஓர் உணர்வியைச் செய்து மேலே மாட்டிக்கொள்கிறது. எந்தக் கிருமி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லா வடிவத்திலும் உணர்வி செய்து வைத்துக்கொள்வது ஒன்றே வழி. குலுக்கலில் வந்த உணர்வி எதையும் பிடிக்கவில்லையென்றால் அந்தச் செல் பதர். யாரும் தொடாமலே மூன்று நான்கு நாளில் வாடிச் செத்துப்போகும். உணர்வி நம் சொந்தப் புரதத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் அது கல். வெளியே விட்டால் நம் கணையத்தை, மூட்டை, நரம்பின் உறையைத் தாக்கும்.

கல்லைக் கண்டுபிடிக்கத் தைமஸ் செய்யும் ஏற்பாடு வியப்பானது. அதன் உட்பகுதியில் உள்ள சில செல்கள், உடலின் வேறெங்கோ மட்டும் தேவைப்படும் புரதங்களைத் தாங்களே கொஞ்சம் கொஞ்சம் தயாரித்து இளம் டி செல்களுக்குக் காட்டுகின்றன. கணையத்துக்குரிய இன்சுலின்கூட அங்கே துளி தயாராகிறது. இதை நடத்தும் 'ஏர்' என்ற மரபணு 1997இல் அடையாளம் காணப்பட்டது. அது கெட்டுப் பிறந்தவர்களுக்குச் சுரப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொந்தப் படையாலேயே தாக்கப்படுகின்றன.

இந்தப் புடைத்தலில் தேறுவது எவ்வளவு? இளம் சுண்டெலியின் தைமஸில் நாளொன்றுக்குச் சுமார் 5 கோடி செல்கள் உண்டாகின்றன. வெளியே போவது 10 முதல் 20 லட்சம். மிச்சமெல்லாம் அங்கேயே சாகின்றன. இத்தனை சாவு நடக்கிற இடத்தில் பிணமே கண்ணில் படவில்லை என்பது நெடுநாள் புதிர். 1994இல் சார்லஸ் சர், ஜோனதன் ஸ்ப்ரென்ட் இருவரும் சாகும் செல்லின் உடைந்த டிஎன்ஏ-வுக்கு நிறம் ஏற்றிப் பார்த்தார்கள். பிணங்கள் இருந்தன, பெரும்பாலும் மாக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்களின் வயிற்றுக்குள். செத்த கையோடு விழுங்கப்பட்டுவிடுகின்றன.

கல்லாகத் தெரிந்த செல்லைக் கொல்வது யார்? பெரும்பங்கு அந்தச் செல்லேதான். உணர்வி அளவுக்கு மீறி இறுகப் பிடித்ததும் உள்ளே 'பிம்' என்ற புரதம் எழுந்து தற்கொலைக்கான வரிசையைத் தொடங்கிவைக்கிறது. ஆனால் வெளியிலிருந்தும் ஒரு தள்ளு இருக்கிறது என்ற சந்தேகம் 1990களின் நடுவில் எழுந்தது. அந்தக் கதைக்கு ஒரு கழிவறையிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்காவின் எம்ஐடியில் ஸ்டீவன் டானன்பாம் என்ற வேதியியலாளர் உணவில் உள்ள நைட்ரேட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். பதப்படுத்திய இறைச்சியில் சேர்க்கும் நைட்ரேட், நைட்ரைட் புற்றுநோய் தருமோ என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. தன்னார்வலர்களுக்கு நைட்ரேட் குறைந்த சாப்பாட்டை அளந்து போட்டார். அவர்கள் சிறுநீரை அளந்து வாங்கினார். உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகம். உடல் தானே நைட்ரேட் தயாரிக்கிறது! குடல் பாக்டீரியாவின் வேலையோ என்று பார்த்தால், பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளும் அதையே செய்தன. ஆய்வின் நடுவே தன்னார்வலர்களில் ஒருவருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. அவர் சிறுநீரில் நைட்ரேட் திடீரென எகிறியது. வேறு ஆளாக இருந்தால் நோயாளியின் கணக்கைக் கழித்துவிட்டு மற்றவர்களின் கணக்கை மட்டும் வெளியிட்டிருப்பார். டானன்பாம் குழு அதைப் பிடித்துக்கொண்டது. எலிகளுக்குப் பாக்டீரியாவின் மேலுறை நச்சை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். நைட்ரேட் பல மடங்கு ஏறியது. 1985இல் டென்னிஸ் ஸ்டியர், மைக்கேல் மார்லெட்டா இருவரும் அதைத் தயாரிப்பவை மாக்ரோஃபேஜ்கள் என்று காட்டினார்கள். யூட்டாவில் ஜான் ஹிப்ஸ், மாக்ரோஃபேஜ் புற்றுச் செல்லைக் கொல்ல அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் இல்லாமல் முடியாது என்று 1987இல் காட்டினார். அர்ஜினைனிலிருந்து வருவது நைட்ரிக் ஆக்ஸைடு. அது சில விநாடிகளில் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறிச் சிறுநீரில் போய்விடுகிறது.

அதே காலத்தில், இந்த வாயுதான் ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது என்பதை ஃபர்ச்காட், இக்னாரோ, முராட், மான்காடா ஆகியோர் வேறு வழியில் வந்து கண்டார்கள். 1998 நோபல் பரிசு முதல் மூவருக்கு. மான்காடாவை ஏன் விட்டார்கள் என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. காய்ச்சல்காரரின் சிறுநீரில் தொடங்கிய கதை அந்தப் பரிசின் ஓரத்தில் எங்கோ நின்றுவிட்டது என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

வாயுவின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நைட்ரஜனில் 7 எலக்ட்ரான், ஆக்சிஜனில் 8. கூட்டினால் 15. ஜோடி சேராத ஒரு எலக்ட்ரான் எஞ்சுகிறது. அதனால் இந்த மூலக்கூறு வந்த காலில் நிற்காது; எதையாவது பற்றப் பார்க்கும். செல்லின் தோல் அதற்குத் தடையே இல்லை. கொழுப்பிலும் நீரிலும் புகுந்து நாலைந்து செல் தாண்டிப் போய்விடும். அதற்குமேல் ஆயுள் கிடையாது. ஹார்மோனை ஊர் முழுக்கப் பறையறைவது என்றால் இதைத் திண்ணையிலிருந்து பக்கத்து வீட்டைக் கூப்பிடுவது எனலாம்.

இதைத் தயாரிக்கும் நொதிகள் மூன்று. நரம்பில் ஒன்று, ரத்தக்குழாயின் உள்தோலில் ஒன்று. இரண்டும் சொட்டுச் சொட்டாகத் தருபவை. மூன்றாவதை ஆய்வகங்களில் ஐ-நாஸ் என்பார்கள். அது சாதாரணமாகப் பெரும்பாலான செல்களில் இருக்காது. அழற்சியின் அழைப்பு வந்ததும் புதிதாகத் தயாராகி, மணிக்கணக்கில், நாள்கணக்கில் வாயுவைக் கொட்டும். மூன்றும் அர்ஜினைனை உடைத்து, வாயு போக எஞ்சியதைச் சிட்ருலின் என்ற பொருளாக விடுகின்றன. சிட்ருலின் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1914இல் ஜப்பானில், தர்பூசணியிலிருந்து. பெயரும் தர்பூசணியின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான்.

விநாடிகளில் மறையும் வாயுவை எப்படி அளப்பது? வாயுவை விட்டுவிட்டு அது விட்டுப்போன நைட்ரைட்டைப் பிடிப்பார்கள். சோப்புப் பெட்டி அளவுள்ள, 96 குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டு. செல்கள் இருந்த திரவத்தில் கொஞ்சம் ஒவ்வொரு குழியிலும். மேலே இரண்டு ரசாயனங்கள் கலந்த தெளிந்த நீர். பத்து நிமிடத்தில், வாயு உண்டாகியிருந்த குழிகள் மட்டும் ரோஜா நிறம் பூக்கும். அதிகம் உண்டான இடம் அடர்ந்த ஊதாச் சிவப்பு. வரிசையாகப் பார்த்தால் வெள்ளையிலிருந்து செம்பருத்திவரை படிப்படியாக. இந்தச் சோதனைக்கு வயது நூற்றைம்பதை நெருங்குகிறது. இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊரின் பீர் ஆலையில் வேதியியலாளராக இருந்த பீட்டர் கிரீஸ் 1879இல் வெளியிட்டது. நோய் எதிர்ப்பியல் என்ற துறை பிறக்கும் முன்பே அதற்கான அளவுகோல் பீர் ஆலையில் தயாராகிவிட்டது.

இப்போது தைமஸுக்கு வரலாம். 1995இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் ஒரு குழு, சுண்டெலித் தைமஸ் செல்கள்மேல் நைட்ரிக் ஆக்ஸைடைப் பாய்ச்சிப் பார்த்தது. அவை தற்கொலை செய்துகொண்டன; டிஎன்ஏ முறிந்து, முறைப்படி, சுற்றுப்புறத்தைக் கெடுக்காமல். வெளியிலிருந்து ஊற்றிய வாயு கொல்கிறது என்பதில் பெரிய வியப்பில்லைதான். உள்ளேயே அது உண்டாகிறதா? 1997இல் ஜப்பானியக் குழு ஒன்று, தைமஸின் சட்டகமாக நிற்கும் செல்களில் ஐ-நாஸ் இருப்பதைக் கண்டது. அது இருந்த இடம் முக்கியம். புறப்பகுதியும் உட்பகுதியும் சந்திக்கும் எல்லையிலும், உட்பகுதியிலும். சொந்தப் புரதங்களைக் காட்டிக் கல் பொறுக்கும் இடம் அதுவே. 2000இல் இத்தாலியில், எலித் தைமஸின் டென்ட்ரிட்டிக் செல்களை வைத்துப் பார்த்தார்கள். நட்சத்திரமீன்போலக் கை விரித்து, புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும் செல்கள் அவை. அவற்றை இளம் டி செல்களோடு சேர்த்துவிட்டதும், சொந்தப் புரதம் காட்டப்பட்டபோதும் வேற்றுப் புரதம் காட்டப்பட்டபோதும் ஐ-நாஸ் எழுந்தது, வாயு வந்தது. வாயுவைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தபோது சாவு குறைந்தது.

அடுத்த ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் மனிதக் குழந்தைகளின் தைமஸைப் பார்த்தார்கள். நான் முதலில் சொன்ன அறுவை அறையிலிருந்து வந்த துண்டுகள். நைட்ரிக் ஆக்ஸைடு இன்னொரு முரட்டு மூலக்கூறான சூப்பராக்ஸைடோடு மோதினால் பெராக்ஸிநைட்ரைட் என்ற கடும் அரிப்பான் உண்டாகும். அது புரதங்களில் உள்ள டைரோசின்மேல் நைட்ரஜன் முத்திரை ஒன்றைக் குத்திவிட்டுப் போகும். வாயு போய்விடும், முத்திரை நிற்கும். குழந்தைகளின் தைமஸில் அந்த முத்திரை இருந்தது; சாகும் செல்களோடு அது தொடர்புபட்டிருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். திண்ணையிலிருந்து கூப்பிட்டால் பக்கத்து வீட்டார் எல்லோருக்கும்தானே கேட்கும்? கல்லுக்குப் பக்கத்திலிருக்கும் நல்ல அரிசி ஏன் சாகவில்லை? பதில் வாயுவில் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது. தைமஸின் இளம் செல் ஒரு பருவத்தில் சிடி4, சிடி8 என்ற இரண்டு அடையாளங்களையும் ஒன்றாகச் சுமக்கும். அந்தப் பருவத்தில் அதன் உயிர்க்காப்புப் புரதமான பிசிஎல்-2 மிகக் குறைவு. லேசாகத் தள்ளினாலே விழும். அதோடு உணர்வி வழியாகப் பலத்த அடியும் வாங்கியிருந்தால் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். வாயு எல்லோர்மீதும் படுகிறது. விளிம்பில் நிற்பவர் விழுகிறார். தேர்ந்து, இரண்டில் ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு முதிர்ந்தவற்றுக்குப் பிசிஎல்-2 திரும்ப ஏறியிருக்கும். அவை தாக்குப்பிடிக்கின்றன.

அழகான கதை. இத்தோடு நிறுத்தினால் பல இதழ்க் கட்டுரைகள்போல நானும் பாதி பொய் சொன்னவனாவேன். 1995இலேயே மூன்று ஆய்வுக்குழுக்கள் ஐ-நாஸ் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கிவிட்டன. தைமஸில் கல் பொறுக்குவது இந்த வாயுதான் என்றால் அந்த எலிகள் சொந்த உடலைத் தாங்களே தின்று சீரழிந்திருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. தைமஸ் ஏறக்குறைய வழக்கம்போலவே இருந்தது, டி செல்கள் வந்தன, எலிகள் ஓடியாடின. கிருமி வந்தபோதுதான் அவற்றின் குறை தெரிந்தது. லிஸ்டீரியாவையும் லீஷ்மேனியாவையும் சமாளிக்க முடியாமல் போனது. ஆக, தைமஸில் நைட்ரிக் ஆக்ஸைடு ஒரு விரல். 'பிம்' உட்பட வேறு விரல்கள் இருக்கின்றன. ஒரு விரல் போனால் மற்றவை கல்லைப் பொறுக்கிவிடுகின்றன. தட்டில் வைத்துச் செய்த சோதனையில் பெரிதாகத் தெரிவது உயிருள்ள எலியில் சிறிதாகத் தெரிவது இந்தத் துறையில் புதிதல்ல. ஆனால் முழுதும் சும்மாவும் இல்லை. நரம்புறையைத் தாக்கும் நோயை அந்த எலிகளுக்குச் செயற்கையாக வரவழைத்தபோது, அது மற்ற எலிகளுக்கு வந்ததைவிடக் கடுமையாக வந்தது. எங்கோ ஒரு கடிவாளம் குறைந்திருந்தது.

இன்னொரு சிக்கல். கொல்வது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும் இதே வாயு காப்பாற்றவும் செய்யும். செல்லைச் சாகடிக்கும் கத்தரிகளான காஸ்பேஸ் நொதிகளின் வெட்டுமுனையில் ஒரு கந்தக அணு உண்டு. நைட்ரிக் ஆக்ஸைடு போய் அதில் ஒட்டிக்கொண்டால் கத்தரி மூடியபடியே கிடக்கும். சாவுக்கான உத்தரவு வரும்போது அந்த ஒட்டு கழன்று கத்தரி திறப்பதை 1999இல் காட்டினார்கள். துளி இருந்தால் கவசம், கொட்டினால் கொலை. நடுவில் எங்கே கோடு என்பது செல்லுக்குச் செல், வயதுக்கு வயது மாறும்.

அந்தக் கோடு தெரியாமல் மருத்துவம் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. ரத்தத்தில் கிருமி பரவி அதிர்ச்சி நிலைக்குப் போகும் நோயாளிகளுக்கு ஐ-நாஸ் வெள்ளமாக வாயுவைக் கொட்ட, ரத்தக்குழாய்கள் எல்லாம் தளர்ந்து ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகிறது. அப்படியானால் வாயுவைத் தடுத்தால் பிழைப்பார்களே! தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. தடுக்கும் மருந்தைப் பெரிய அளவில் பரிசோதித்தார்கள், 797 நோயாளிகள். அழுத்தம் ஏறியது உண்மை. ஆனால் 28 நாளில் மருந்து பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 49 சதவீதம். சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். 2004இல் வெளியான அந்த முடிவுகள், மூன்று நொதிகளையும் வேறுபாடில்லாமல் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி. வெள்ளத்தோடு சொட்டும் நின்றுபோனது.

இதைப் படித்தபின், உடற்பயிற்சிக் கூடங்களில் 'நைட்ரிக் ஆக்ஸைடு ஏற்றும்' மாவு டப்பாக்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அர்ஜினைன் மாவை விழுங்கினால் அதில் பெரும்பகுதியைக் குடலும் ஈரலும் வழியிலேயே உடைத்துவிடும். டப்பாவில் நோய் எதிர்ப்புச் சக்தி பெருகும் என்றும் போட்டிருக்கும். எந்தச் செல்லில், எந்த நிமிடம், எவ்வளவு என்று அதில் போட்டிருக்காது.

தைமஸில் தேறிய டி செல்லை அதோடு விட்டுவிட முடியாது. அது வெளியே வந்து, ரத்தத்தில் சுற்றி, நிணநீர்க் கணு ஒன்றில் நுழைகிறது. கழுத்தில் தொண்டைவலியின்போது நெறிகட்டுமே, அந்த இடம். அங்கே தன் உணர்விக்குப் பொருந்தும் கிருமித் துண்டைக் கண்டால் பெருகத் தொடங்கும். ஒன்று பலவாகி, பல ஆயிரமாகும். கணுவின் வலைச்சட்டகத்தை நெய்திருக்கும் நார்ச் செல்களை வெறும் கட்டுமானம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2011இல் தனித்தனிக் குழுக்கள் ஒன்றையே கண்டன. பெருகும் டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞையை வெளியிடுகின்றன. அதைக் கேட்டதும் அந்த நார்ச் செல்கள் ஐ-நாஸை எழுப்பி நைட்ரிக் ஆக்ஸைடை விடுகின்றன. டி செல்களின் பெருக்கம் மட்டுப்படுகிறது. கொல்வதில்லை, மூச்சுப் பிடிக்க வைக்கிறது. கூட்டம் கூடிக் கணுவே வெடித்துவிடாமல் அடக்கும் பிரேக்கை இயக்குவது அந்தக் கூட்டத்தின் கூச்சலேதான்.

பிறகு அதே செல் நுரையீரலுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு மாக்ரோஃபேஜ் காசநோய்க் கிருமியை விழுங்கிவிட்டுச் செரிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. டி செல் அதன் பக்கத்தில் வந்து ஒட்டி நின்று மறுபடி அதே இன்டர்ஃபெரான் காமாவை விடுகிறது. சுண்டெலியில், மாக்ரோஃபேஜுக்குள் ஐ-நாஸ் எழ, வாயு கிருமியின் இரும்பு-கந்தக நொதிகளைப் பிடித்து முடக்குகிறது. ஐ-நாஸ் இல்லாத எலி காசநோயில் சீக்கிரம் சாகிறது. மனித மாக்ரோஃபேஜ் தட்டில் வைத்தால் இவ்வளவு தாராளமாக வாயு தராது. இதை வைத்து ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். ஆனால் 1996இல் காசநோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த மாக்ரோஃபேஜ்களில் பெரும்பாலானவற்றில் ஐ-நாஸ் இருந்தது.

தைமஸின் எல்லையில், பிசிஎல்-2 இல்லாமல் வெறுங்கையோடு நின்றபோது இந்த வாயு தன்மேல் பட்டும் விழாமல் தப்பித்த செல் அது. இப்போது மாக்ரோஃபேஜின் அருகே நின்று அந்த வாயுவைக் கேட்டு வாங்குகிறது. மாக்ரோஃபேஜ் கொடுக்கிறது, உள்ளே கிருமி திணறுகிறது. வாயுவில் கொஞ்சம் கசிந்து டி செல்லின்மீதும் படுகிறது.